துரைமார்கள் ஊட்டிக்குப் போனது எதற்கு?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், பெருங்குடியில் பிளாட்டுக்குப் பிளாட்டு ஒரே பட்டிமன்றம்தான். ‘ஊட்டியா, கொடைக்கானலா?’ மூன்று நாள் லீவு, ஒரு வேன், பாட்டி முதல் பேரன் வரை பத்துப் பேர்! இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் யார் தெரியுமோ? வெள்ளைக்காரத் துரைமார்கள்தான்.

ஆனால், அவர்கள் முக்கியமாக உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் போனார்கள். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஏறினார். சென்னை வெயிலிலும் காய்ச்சலிலும் துவண்ட அதிகாரிகள் அவர் வழியில் மலையேறினார்கள். 1870-லிருந்து சென்னை அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு ஜாகை மாறியது. மாசக்கணக்கில் தங்கல்!

‘கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம்’ என்பது அன்றைய நம்பிக்கை. உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது குளிர். குளிரில் மலேரியாக் கிருமி கொசுவின் உடம்புக்குள் சரியாக வளராது. ஆனால், மலையடிவாரக் கதை வேறு. 1897-ல் லீவில் ஊட்டிக்கு வந்த டாக்டர் ரொனால்டு ராஸ், கீழே சிகூர் சரிவுக்குப் போய்வந்ததும் மலேரியாவில் படுத்துவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தவர் இவரேதான்! ஆகவே மசினகுடி, முதுமலை பக்கம் தங்கினால் முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் அவசியம். திரும்பி வந்து சில வாரத்தில் காய்ச்சலடித்தால், எங்கே தங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்று மலையேற நாள்கணக்கானது. நாமோ மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம். வளைவுகளில் காது சொல்வது ஒன்று, கண் சொல்வது ஒன்று. மூளை குழம்பி வாந்தி வருகிறது. குழந்தையின் கையிலுள்ள செல்போனை வாங்கி வையுங்கள். வயிறு முட்ட பூரி வேண்டாம், இரண்டு இட்லி போதும். தூரத்து மலையைப் பார்த்து வரச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை.

பெரியவர்கள் விஷயத்தில்தான் உஷார் தேவை. ‘மலைக்காற்று, அதான் பாட்டிக்கு மூச்சு வாங்குது’ என்று விட்டுவிடாதீர்கள். மலை உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ நெஞ்சை அடைத்தாலோ, போட்டிங்கை ஒத்திப் போட்டுவிட்டு முதலில் ஆஸ்பத்திரி. இன்சுலினை வேனின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் வீணாகிவிடும். பிரஷர், சுகர் மாத்திரைகள் டிக்கியில் வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும்.