பெருநாள் துணி: கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறப்போம்

 

ஒவ்வோர் ஆண்டும் நோன்புப் பெருநாள் முடிந்த சில வாரங்களில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு வகையான வரவு இருக்கும். ஒன்று, வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்கள். மற்றொன்று, ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லி வந்து சேரும் பழைய துணிப் பைகள். பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எங்களுக்கு, இவை இரண்டும் ஒரே துணிக்கடையிலிருந்து புறப்பட்டு வருவதாகவே தோன்றுகிறது.

விண்ணப்பத்தில் ‘பள்ளிக் கட்டணம்’ என்றிருக்கும். உட்கார்ந்து பேசினால், அதற்கென எடுத்து வைத்த பணம் ரமலானின் கடைசி வாரத்தில் புதுத்துணிக்குப் போனது தெரியவரும். பைகளைப் பிரித்தால், நாலைந்து சலவையிலேயே சாயம் போய், தையல் விட்ட உடைகள் பாதி இருக்கும். நாமே உடுத்தத் தயங்குவதைப் பிறருக்கு எப்படிக் கொடுப்பது?

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெருநாளன்று பிள்ளைகளைப் புதுத்துணியில் பார்க்க ஆசைப்படாத பெற்றோர் உண்டா? அந்த ஆசை கடனாக மாறாமலிருக்க வழி உண்டு என்று சொல்லவே எழுதுகிறோம்.

பெருநாளில் நம்மிடம் இருப்பதில் நல்லதை, தூய்மையாக அணிவதே சுன்னத். கடன் வாங்கியாவது புதிது எடுக்க வேண்டும் என்று மார்க்கம் நம்மை நெருக்கவில்லை.

முதலில் கணக்கெடுப்பு

ஷஅபான் மாதத்திலேயே ஒரு நாள் பீரோவில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். உடுத்துபவை, சிறு பழுது பார்த்தால் உடுத்தக் கூடியவை, அளவு போதாதவை என மூன்றாகப் பிரியுங்கள். பொத்தான் அறுந்தது, ஜிப் பழுதானது என்று ஓரம் கட்டியவை இரண்டாவது குவியலில் நிறைய இருக்கும். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். பழுது பார்த்து உடுத்துவதில் நமக்கு என்ன கௌரவக் குறைவு?

பிறகு, உண்மையில் குறைவதை மட்டும் எழுதுங்கள். அந்தச் சீட்டோடு ரமலானுக்கு முன்பே கடைக்குப் போய்விட்டால், நின்று பார்த்து வாங்கலாம். கடைசிப் பத்து இரவுகளும் கடைவீதியில் கழியாது.

விலையைப் பார்க்கும் முறை

500 ரூபாய்ச் சுடிதாரை ஐந்து முறை உடுத்தி ஒதுக்கினால், ஒரு முறைக்கு 100 ரூபாய் செலவு. 1,200 ரூபாய்ச் சுடிதாரை நாற்பது முறை உடுத்தினால், ஒரு முறைக்கு 30 ரூபாய்தான். வாங்கும் முன், “இதை எத்தனை முறை உடுத்துவோம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு மட்டுமே ஆகும் ஜிகினா உடையைவிட, கல்யாணம், விருந்து, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் ஆகும் உடையே மலிவு.

கடையில் கவனிக்க

விலை கூடியதெல்லாம் தரமானது அல்ல. உடையை உள்புறமாகத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் சிறிது துணி விட்டு, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்திருக்க வேண்டும். தையலின் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுக்கும்போது இடைவெளி தெரிந்தால் வேண்டாம். கல், சம்கி வேலைப்பாடு பசையால் ஒட்டியதா, நூலால் தைத்ததா என்று பாருங்கள். ஒட்டியது சலவையில் உதிரும்.

துணி வகையையும் கேளுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் முதல் சலவையில் சுருங்கக் கூடும் என்பதால், மிகவும் இறுக்கமான அளவில் எடுக்க வேண்டாம். பாலியெஸ்டர் சுருங்காது, கசங்காது. நம் ஊர் வெயிலுக்குப் புழுங்கும்.

வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கக் கொடுத்தால், கீழ்மடிப்பில் 2 அங்குலமும் பக்கவாட்டில் சிறிதும் துணி விடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் பராமரிக்க

புதுத்துணியை முதல்முறை தனியாகத் துவையுங்கள். ரேயான் துணி நனைந்தால் வலுவிழக்கும். முறுக்கிப் பிழியக் கூடாது. கறுப்புப் புர்காவை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயப் போட்டால் நிறம் நாள்பட நிற்கும். பாலியெஸ்டருக்குக் குறைந்த சூட்டிலேயே அயர்ன் செய்யுங்கள். அத்தரை நேரே துணியில் தடவினால் எண்ணெய்க் கறை படியும். உடலில் பூசி, காய்ந்த பின் உடுத்துங்கள்.

அளவு போதாத நல்ல உடைகளைத் துவைத்து, மடித்து, பொத்தான் சரிபார்த்து எங்களிடம் தாருங்கள். பெறுகிறவர் அதை மகிழ்ச்சியோடு உடுத்த வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு வீட்டில் இரண்டு உடை குறைவாக எடுத்து, அந்தப் பணம் பள்ளிக் கட்டணத்துக்கு மிஞ்சினாலே போதும். அந்தக் குடும்பம் பெருநாளுக்குப் பிறகு கடன் கேட்டு வரவேண்டியதில்லை. நம் அனைவரின் வருவாயிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.

— செயலாளர்