குளிர் எங்கிருந்து வருகிறது?

சென்ற மே மாதம் ஒருநாள், செம்பூர் நிலையத்தருகே பழச்சாறு விற்கும் நெல்லை அண்ணாச்சி கலங்கி நின்றார்.

"மிஷின் ஓடுது தம்பி, ஜூஸ்தான் குளிரல. மத்தியானமே புளிச்சிருது. கேஸ் தீந்துபோச்சு, மூவாயிரம் ஆவும்னு சொல்லுதாங்க."

வாயு தீருமா? அது மூடிய குழாய்ச் சுற்று, கசிவின்றிக் குறையாது.

இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை வெளியேற்றுகிறது. பெயர்த்தகட்டில் ஆர்-134ஏ என்றிருந்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அத்திரவம் சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். கொதிக்க வெப்பம் வேண்டுமன்றோ? அதைச் சாற்றுத் தொட்டியினின்று கவர்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது மேலும் சூடேறுகிறது. பின்புறச் சுருளில் வெப்பத்தைக் காற்றுக்கு ஈந்து மீண்டும் திரவமாகிறது. பின்னர் நுண்குழாயைக் கடந்து, அழுத்தம் தணிந்து, மறுபடி கொதிக்கச் செல்கிறது.

அண்ணாச்சியின் இயந்திரமோ சுவரை ஒட்டி நின்றது, சுருளெங்கும் தூசி. வெப்பம் எவ்வழி போகும்? மின்சாரத்தை நிறுத்தி, தூரிகையால் துடைத்து, ஒரு சாண் முன்னே நகர்த்தினோம். மாலைக்குள் சாறு குளிர்ந்தது; மூவாயிரமும் மிஞ்சியது.

அறையில் குளிர்ப்பெட்டி வைத்திருப்போரே, இன்றே அதன் முதுகை ஒருமுறை பாருங்கள்!