காலத்திலே திறந்த இரு வாசல்கள்

ஆடியிற் பட்ட ஒளி திசைமாறித் தெறிக்கும். அதன் நிறம் மாறுவதில்லை. ஆடி மாறாது இருப்பதே இதற்குக் காரணமாகும். பரப்பின் இயல்பே கணத்துக்குக் கணம் மாறுமாயின்?

2023 ஆம் ஆண்டு இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதனைச் செய்துகாட்டினர். அவர்கள் கையாண்டது 40 நனோமீற்றர் தடிப்புள்ள இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுப் படலம். நாம் நாளும் தடவும் கையடக்கத் தொலைபேசித் திரைகளில் உள்ள அதே பொருள்தான். லேசர் துடிப்பொன்று பட்டதும் படலம் நன்கு தெறிக்கும் ஆடியாகி, விரைவிலேயே பழைய நிலைக்கு மீள்கின்றது. அடுத்தடுத்து இருமுறை இவ்வாறு செய்தபோது, தெறித்த செங்கீழ் ஒளியின் மீடிறன்கள் பரந்து வரிவரியாகப் பிரிந்தன. தோமஸ் யங் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு பிளவுகளைக்கொண்டு இடத்திலே காட்டிய தலையீடு, இங்கே காலத்திலே நிகழ்ந்தது. சக்திக் காப்பு விதி பொய்த்ததோ என ஐயுற வேண்டியதில்லை. வேறுபாட்டை ஈடுசெய்வது படலத்தை மாற்றும் லேசரே.

படலம் மாறிய வேகம் ஆய்வாளரே எதிர்பாராதது. ஒளியலை ஒருமுறை அதிரும் நேரத்தை ஒத்த சில பெம்டோ செக்கன்களே அதற்குப் போதுமாயின. தொலைத்தொடர்புக்கும் கணினிக்கும் இது பெரிதும் உதவும் என்கின்றனர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வலிய லேசர் வேண்டியிருக்கும்வரை, இப்படலம் ஆய்வுகூட வாசலைத் தாண்டுவது எளிதன்று என்றே நாம் கருதுகின்றோம்.