ரத்தப் பரிசோதனைச் சீட்டு தலையெழுத்து இல்லை



நாலு மாதத்துக்கு முன்னால் வருசநாடு பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எப்போதும் முதல் ஆளாக வந்து பாயில் உட்காரும் அக்கா அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். கழுத்தில் நெறிகட்டி, சதை எடுத்துப் பார்த்ததில் 'லிம்போமா' என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. ரத்தச் சீட்டைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "எல்.டி.எச். இம்புட்டு ஏறிப்போச்சு, இனிமே செலவு பண்ணி என்ன பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டார். வீட்டில் வைத்தியத்தையே நிறுத்தப் பேச்சு நடந்தது. அன்றைக்கு அந்த அக்காவிடம் பேசியதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இது என்ன நோய்?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறிகட்டுகிறது இல்லையா? நம் உடம்பின் காவல்காரர்களான லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே கிருமியோடு சண்டை போடுகின்றன. புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். அந்தக் காவல்கார அணுக்களே கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அதுதான் லிம்போமா. இதில் பல வகை உண்டு. 1832-ல் இதைப் பற்றி எழுதிய தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவரின் பெயரை ஒரு வகைக்கு வைத்திருக்கிறார்கள்.

பரிசோதனையில் எதைப் பார்க்கிறார்கள்?

எல்.டி.எச்.: அணுக்கள் வேகமாகப் பெருகி அழியும்போது ரத்தத்தில் கூடும்.

லிம்போசைட் எண்ணிக்கை, அல்புமின், ஹீமோகுளோபின்: எதிர்ப்புச் சக்தியும் உடம்பும் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று காட்டும்.

சி.டி.20: இது எடுத்த சதையில் பார்ப்பது. நோய் அணுவின் மேல் இருக்கும் ஓர் அடையாளம். இது இருந்தால் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து அந்த அணுவைத் தேடிப் பிடிக்கும். 2007 முதல் நம் நாட்டிலேயே இந்த மருந்து தயாராகிறது.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி பரிசோதனை: இதைக் கேட்டால் "என்னைச் சந்தேகப்படுறாங்களே" என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் பார்ப்பார்கள். காமாலை பி கிருமி உள்ளே ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் தடுத்துவிடலாம்.

மதிப்பெண் என்றால் என்ன?

வங்கிக் கடனுக்கு முன்னால் நம் குழுவுக்கு கிரேடிங் போடுகிறார்களே, அதே மாதிரிதான். வருகை, சேமிப்பு, திருப்பிக் கட்டுதல், கணக்கு நோட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் குழுவைக் கலைத்துவிடுகிறோமா? கூடுதல் கவனம் கொடுக்கிறோம்.

இந்த நோயில் வேகமாக வளரும் ஒரு வகைக்கு 1993-ல் ஒரு மதிப்பெண் முறை வந்தது. 60 வயதுக்கு மேலா, எழுந்து நடமாட முடிகிறதா, எல்.டி.எச். கூடியிருக்கிறதா, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, முடிச்சுக்கு வெளியே எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஐந்து கேள்வி. எல்.டி.எச். அதில் ஒன்றே ஒன்றுதான்.

ரிட்டுக்சிமாப் சேர்த்து வைத்தியம் பெற்றவர்களைக் கனடாவில் கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வரை மோசமான மதிப்பெண் வாங்கியவர்களில்கூட 100-க்கு 55 பேர் நான்கு ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். மதிப்பெண் ஒன்றும் இல்லாதவர்களில் 94 பேர். இது கூட்டத்தின் கணக்கு. ஒருத்தருக்கு என்ன ஆகும் என்று எந்தச் சீட்டும் அறுதியிட்டுச் சொல்லாது. வைத்தியத்தைப் பாதியில் விட்டால் மட்டும் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

நாம் செய்ய வேண்டியது

1. வலி இல்லாத நெறி மூன்று, நாலு வாரமாகியும் வற்றவில்லையா? இரவு வியர்வை, காய்ச்சல், எடை குறைதல் இருக்கிறதா? மருத்துவரைப் பாருங்கள். டி.பி.யிலும் இதே மாதிரி வரும். சதை எடுத்துப் பார்த்தால்தான் எது என்று உறுதியாகும். "சதைப் பரிசோதனை வேணுமாங்கய்யா?" என்று தைரியமாகக் கேளுங்கள். ஊசி பட்டால் பரவும் என்பது வீண் பயம்.

2. நமக்குப் பக்கம் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அடுத்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

3. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.

4. மருந்து ஏற்றும் நாட்களில் வெள்ளை அணு குறையும். காய்ச்சல் வந்தால் கசாயம் குடித்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

5. எல்லாச் சீட்டையும் ஒரே பையில் வையுங்கள். அதன் அர்த்தத்தை வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள்.

அந்த அக்காவுக்குக் குழு உள்கடன் கொடுத்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை உறுப்பினர் ஒருத்தர் துணைக்குப் போகிறார். ஆறு ஊசியில் நாலு முடிந்திருக்கிறது. போன கூட்டத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

இதை உங்கள் குழுவில் ஒருத்தர் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கூட்டமைப்புக் கூட்டத்தில் கேளுங்கள், பேசுவோம்.