கூத்தும் எங்கள் அடையாளமும்



கார்ல்ஸ்ரூஹேயில் வளரும் எங்கள் பிள்ளைகளிடம் “உங்கள் ஆட்டம் எது?” என்று கேட்டால், பெரும்பாலும் பரதநாட்டியம் என்றே சொல்வார்கள். நாங்கள் காட்டியதும் அதைத்தான். நாங்கள் காட்டாமல் விட்ட கூத்தைப் பற்றி இம்மாதம் பேச விரும்புகிறேன்.

முதலில் பிறேசிலைப் பார்ப்போம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் அங்கே வளர்த்த கலை கப்புவேரா. சுற்றி நிற்பவர்கள் பாட, வட்டத்தின் நடுவே இருவர் சண்டைபோலச் சுழன்று ஆடுவார்கள். 1890ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. 1930களில் மெஸ்த்ரே பிம்பா என்ற ஆசான் சல்வடோர் நகரில் இதற்குப் பள்ளி நடத்தினார். அரசும் அனுமதி கொடுத்தது. 2014இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் கப்புவேரா வட்டம் சேர்ந்தது. நேற்றுக் குற்றமாக இருந்தது இன்று நாட்டின் முகம்.

எங்கள் கூத்தும் வட்டக்களரியில் ஆடப்பட்டதுதான். மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அண்ணாவியார் விடிய விடிய ஆட்டுவிப்பார். படித்தவர்களோ “கூத்தாடி” என்பதை வசைச்சொல்லாக்கி வைத்திருந்தார்கள்.

1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்களவரின் தேசிய நாடகமாகப் போற்றப்படும் அது, சிங்கள நாடகம எனும் மரபில் பிறந்தது. அந்த மரபுக்கு வேர் தமிழ்க் கூத்து. அதன்பின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் ‘கர்ணன் போர்’ வந்தது. பின்னர் வந்த ‘இராவணேசன்’ நாடகத்தில் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. விடிய விடிய ஆடியது ஓரிரு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. நாலு பக்கமும் சனம் இருந்து பார்த்த கூத்து, ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்கு மாறியது. ஆனாலும் பல்கலைக்கழகம் கையில் எடுத்தபின், அதை இழிவாகப் பேசுவது கடினமாயிற்று.

பரதநாட்டியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் சதிர் என்று ஒதுக்கப்பட்டு, 1930களில் புதுப் பெயரோடு சபையேறிய கலைதான். அப்படியானால் கூத்துக்கு மட்டும் ஏன் எங்கள் விழாக்களில் இடமில்லை?

நேயர்களே, மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி, முல்லைத்தீவின் கோவலன் கூத்து, மலையகத்தின் காமன் கூத்து எல்லாம் ஆடியவர்களும் பார்த்தவர்களும் எங்களிடையே முதுமையடைந்து வருகிறார்கள். உங்கள் வீட்டு அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ ஒரு தருவைப் பாடச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். தாளத்தைக் கையால் தட்டிப் பழகட்டும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.