படகின் எண்ணெய் முள் பொய் சொன்னால்

சாலையில் செல்லும் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டால் இறங்கித் தள்ளலாம். நடுக்கடலில் படகின் பெட்ரோல் தீர்ந்தால் என் செய்வது? காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குப் படகு போகும். ஆதலின், டாங்கியில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்று காட்டும் அந்தச் சிறு முள் உயிரைப் பற்றிய விஷயமாகும். அது பழுதுபட்டால், பழுது எவ்விடத்தில் என்று கண்டறியும் வழியை இங்கு விளக்குவோம். கடலோரப் பஞ்சாயத்துகளுக்கும், வெள்ளக் காலத்துக்கெனப் படகு வைத்திருக்கும் ஆற்றோரப் பஞ்சாயத்துகளுக்கும் இது வேண்டும். டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளும் படிக்கலாம். அதிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும். அதன் கைப்பிடி, மேலே உள்ள ஒரு மின்தடையை மாற்றுகிறது. அதற்கேற்ப, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் கூடியும் குறைந்தும் டயலின் முள்ளை நகர்த்துகிறது. ஆக, டயல், கம்பி, மிதவை ஆகிய மூன்றில் ஒன்றில்தான் குற்றம் இருக்க முடியும்.

இதை அறியாமல் முதலிலேயே புது டயல் வாங்கிவிடுவது நம்மவர் வழக்கம். கடற்கரை ஊர் ஒன்றில் நாம் பார்த்த படகில், டாங்கி நிறைந்திருந்தும் முள் காலி என்றே காட்டிற்று. பணம் செலவழித்துப் புது டயல் போட்டார்கள். அதுவும் காலி என்றே காட்டிற்று. இறுதியில் பார்த்தால், டாங்கியிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் எர்த் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது! உப்புக்காற்றில் தாமிரத்துக்கு இது இயல்பே. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் முள் எழுந்து நின்றது. 'காலி என்று காட்டும் பொய்யால் என்ன கெடுதல்?' என்று கேட்கலாம். எந்நேரமும் காலி என்னும் முள்ளை எவரும் மதிப்பதில்லை. மெய்யாகவே காலியாகும் அன்றும் மதிக்கமாட்டார்கள். கெடுதல் அதுதான்.

சோதனை தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். மூடிகளையெல்லாம் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, வாடை இல்லை என்று கண்ட பின்னரே கை வைக்க வேண்டும். பீடிக்கு அங்கு இடமில்லை.

முதலில் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். பிறகு டயலின் பின்புறம், சாவி திருப்பிய நிலையில், 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தால், மிதவையிலிருந்து வரும் கம்பியை டயலிலிருந்து கழற்றுக. அமெரிக்க முறையில் அமைந்த டயலானால் முள் காலிக்கு வரும். கம்பி இருந்த முனையை ஒரு துண்டுக் கம்பியால் டயலின் எர்த் முனையோடு தொடுத்தால் நிறைவுக்கு ஓடும். ஐரோப்பிய முறையில் இதற்கு நேர்மாறு. இவ்வாறு முள் இருபுறமும் ஓடினால் டயல் நல்லது. புதிது வாங்க வேண்டியதில்லை. இச்சோதனையை டயல் பக்கத்திலேயே செய்க. டாங்கியின் மேல் செய்தால் பொறி பறக்கும்.

அடுத்து பாட்டரியைக் கழற்றிவிட்டு டாங்கிக்கு வருவோம். மிதவைக் கருவியின் கம்பியையும் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், அமெரிக்க முறையில் டாங்கி காலியாயிருக்க ஏறக்குறைய 240 ஓமும், நிறைந்திருக்க 33 ஓமும் காட்டும். ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒரு முறையின் டயலை மற்றொரு முறையின் மிதவையோடு சேர்த்தால் முள் தலைகீழாகப் பேசும். கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அளவு சரியாயிருந்தால் குற்றம் கம்பியில். எர்த் கம்பியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அளவு சரியில்லையானால் கருவியை வெளியே எடுத்து, மிதவையைக் கையால் மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். எண் துள்ளாமல் சீராக மாற வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே எண்ணெய் ஆடும் ஓசை கேட்கிறதா? அப்படியானால் அது ஓட்டையாகி மூழ்கிவிட்டது. திரும்பப் பூட்டும்போது பழைய வாஷரைப் போடாதீர்கள், ஒழுகும்.

முள் பழுதில்லாதபோதும் முழு உண்மை சொல்வதில்லை. அடி குறுகிய டாங்கியில், பாதி உயரத்தில் நிற்கும் எண்ணெய் பாதி அளவுக்குக் குறைவே. பம்ப்செட் டாங்கியில் குச்சி விட்டுப் பார்க்கும் விவசாயிக்கு இது புதிதல்ல. அதே குச்சியைப் படகுக்கும் செய்யலாம்: காலி டாங்கியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் உலர்ந்த மரக்குச்சியில் கோடு கிழித்துக்கொள்க. படகு ஆடாமல் நிற்கும்போது அளக்க வேண்டும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்பது படகோட்டிகள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் கணக்கு. முள் சரியாகும் வரை அந்தக் குச்சி படகிலேயே இருக்கட்டும். சரியான பின்பும் அதைக் கரையில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டாம்.