ஒரே ஊசி

முதல் கீமோ முடிந்ததும் அக்காவுக்கு வெள்ளையணுக் கவுண்ட் ஏற்ற ஐந்து நாள், ஐந்து ஊசி. "ஏண்டி, இன்னிக்கும் உண்டா?" என்று விடிந்ததும் கேட்பாள். இரண்டாம் சுற்றில் டாக்டர் மருந்தை மாற்றினார். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, ஒரே ஊசி. ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த அந்தச் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 0.6 மில்லி, தண்ணீர் போலத் தெளிவு.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். அட்டையில் எழுதியிருந்த பெயர் என்னை விடவில்லை. பழைய ஊசி ஃபில்கிராஸ்டிம், இது பெக்ஃபில்கிராஸ்டிம். அந்த 'பெக்' பாலிஎத்திலீன் கிளைக்கால். ஆலையில் தயாராகும் பாலிமர் சங்கிலி. மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் பவுடரிலும் இருப்பதுதான்.

ஃபில்கிராஸ்டிம் 175 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். வெள்ளையணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும். ஆனால் உருவில் சிறியது, சிறுநீரகம் வடித்துவிடும். மூன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதிதான் மிஞ்சும். அதனால்தான் தினம் ஒரு ஊசி.

இந்தப் புரதத்தின் ஒரு நுனியில் மட்டும், ஏறக்குறைய அதே எடையுள்ள பெக் சங்கிலியைக் கோக்கிறார்கள். கண்ட இடத்தில் ஒட்டினால் வேலை செய்யும் பகுதி மூடிக்கொள்ளும். சங்கிலி தன்னைச் சுற்றித் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு உப்பிவிடும். பிறகு சிறுநீரகச் சல்லடையில் எளிதில் இறங்காது. ஆயுள் கூடுகிறது: பாதியாகக் குறையவே 15 முதல் 80 மணி நேரம்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸும் ஆபுச்சௌஸ்கியும் 1970களில் தொடங்கிவைத்த வழி இது. மாட்டிலிருந்து எடுத்த புரதத்தை உடம்பு அந்நியமென்று எதிர்க்காமலிருக்க பெக்கைப் போர்த்திப் பார்த்தார்கள். 1977இல் அதை எழுதி வெளியிட்டார்கள். 1990இல் முதல் மருந்து வந்தது, நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்காக.

எனக்கு மெய்சிலிர்த்த இடம் வேறு. சிறுநீரக வழி அடைபட்டதால், மருந்தை அப்புறப்படுத்தும் வேலை பெரும்பாலும் அந்த வெள்ளையணுக்களிடமே வந்துவிடுகிறது. அவை குறைந்திருக்கும்வரை மருந்து தங்கும். பெருகியதும் அவையே அதைத் தீர்த்துவிடும். எத்தனை நாள் இருக்க வேண்டுமோ, அத்தனை நாள்!

மூன்றாம் நாள் அக்காவுக்கு இடுப்பெலும்பு குடைந்தது. இந்த ஊசிக்கு அது சகஜம் என்றார் டாக்டர்; மாத்திரை போட்டுப் படுத்தாள். பத்தாம் நாள் ரிப்போர்ட்டில் கவுண்ட் ஏறியிருந்தது. மூன்றாம் கீமோ தள்ளிப்போகவில்லை.